பிஞ்சு விரல்களுக்கு விளையாட்டுத் தாள்கள்

“எத்தனை தடவை சொல்றது? பென்சிலை ஒழுங்காப் பிடி! கோட்டுக்குள்ளே எழுது!”

“ஏம்மா, பச்சைக் குழந்தையைப் போட்டு இந்தப் பாடு படுத்தறே?”

“நீங்க சும்மா இருங்க அத்தை. நாளைக்கு மிஸ் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பாங்க!”

எல்.கே.ஜி. குழந்தை இருக்கிற வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தச் சத்தம் கேட்பது சகஜம். குழந்தையின் கண்ணில் தண்ணீர், அம்மாவின் முகத்தில் கோபம், நோட்டுப் புத்தகத்தில் அழித்து அழித்து ஓட்டை விழுந்த பக்கம். இப்படியே நாலு மாதம் நடந்தால் போதும், ‘எழுது’ என்ற வார்த்தையைக் கேட்டாலே குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

யார் மேல் தப்பு? குழந்தை மேல் நிச்சயமாக இல்லை. பென்சிலைப் பிடிக்கிற வேலைக்கு அந்தக் கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். தயாராவதற்கு வேண்டியது இன்னொரு காப்பி நோட்டு அல்ல, விளையாட்டு! சில வெள்ளைத் தாள்கள், ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டு, முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், கொஞ்சம் சப்பாத்தி மாவு இருந்தால் நீங்களே வீட்டில் ஆரம்பித்துவிடலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தினம் பத்து நிமிஷம் குழந்தையின் விரல்களை விளையாட்டில் கவனித்து வந்தால், ‘இது வயசுக்கு வந்தால் சரியாகிவிடும்’ என்பது எது, ‘டாக்டரிடம் காட்ட வேண்டியது’ எது என்று உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். திட்டி எழுத வைக்கிறபோது இந்த இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உதவி தேவைப்படுகிற குழந்தைக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்துவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கைக்குள் என்ன நடக்கிறது?

நம் ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. அதில் 8 மணிக்கட்டில் இருப்பவை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இந்த எட்டில் ஒன்றுகூடப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது! அவை அப்போது மிருதுவான குருத்தெலும்பாகவே இருக்கும். முதல் வருஷத்தில் இரண்டு, பிறகு ஒவ்வொன்றாக மெள்ள மெள்ள எலும்பாக மாறி வரும. ஐந்து வயதிலும் எட்டும் வந்திருக்காது. கடைசி எலும்பு வருவதற்கு ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். மூன்று வயதுக் குழந்தையை ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு மட்டும் போதாது. விரலை அசைக்கும் தசைகள் விரலுக்குள் இல்லை. உள்ளங்கையிலும் முன்கையிலும் இருக்கின்றன. அவற்றுக்குப் பலம் வர வேண்டும். அதற்கும் முன்னால் தோளும் முழங்கையும் ஆடாமல் நிற்கப் பழக வேண்டும். தவழ்வது, ஊஞ்சலைப் பிடித்துத் தொங்குவது, மண்ணைத் தோண்டுவது, வாளியில் தண்ணீர் தூக்குவது எல்லாமே எழுதுவதற்கான பயிற்சிதான் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதா? மரம் ஆடினால் கிளையில் உட்கார்ந்து பூப்பறிக்க முடியுமா? அதே கணக்குதான்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்?

எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி வளராது. இரண்டு மூன்று மாதம் முன்னே பின்னே இருப்பது இயல்பு. ஆனாலும் ஒரு கணக்குக் கையில் இருந்தால் நல்லது:

● 9 முதல் 12 மாதம்: கீழே கிடக்கும் பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கி எடுக்கும்.

● ஒன்றேகால், ஒன்றரை வயது: க்ரேயான் கையில் கிடைத்தால் சுவரெல்லாம் கிறுக்கும். (கோபப்படாதீர்கள், நல்ல செய்தி இது!)

● 2 வயது: மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கும். ஐந்தாறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்.

● 3 வயது: வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். கத்தரிக்கோலால் ‘சடக்’கென்று ஒரு வெட்டு வெட்டும்.

● 4 வயது: கூட்டல் குறி போடும். நேர்க்கோட்டின்மேல் ஓரளவு வெட்டும். பெரிய பட்டனைப் போட்டுக்கொள்ளும்.

● நாலரை, 5 வயது: சதுரம், பிறகு முக்கோணம்.

பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பெரியவர்கள் மாதிரி பிடிப்பது நாலிலிருந்து ஆறு வயதுக்குள்தான் நிலைக்கும். இரண்டு வயதுக் குழந்தை க்ரேயானைக் கரண்டி மாதிரி முஷ்டிக்குள் பிடித்தால் அது தப்பே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டல் குறியும் சதுரமும் போட வராத கைக்கு ‘அ’வும் ‘இ’யும் எப்படி வரும்? நெடுங்கணக்கில் அவை முதலில் வருகின்றன. ஆனால் கைக்கு அவை ரொம்பக் கஷ்டமான எழுத்துகள். எத்தனை வளைவு, எத்தனை சுழி! கைக்குச் சுலபம் ‘ட’தான்: கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அடுத்தது ‘ப’. பிறகு ‘ம’. வாயால் சொல்ல அகர வரிசை, கையால் எழுத ‘ட, ப, ம’ என்று வைத்துக்கொண்டால் பாதி அழுகை குறையும்.

இதெல்லாம் புதுசா?

இல்லவே இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். 1789-ல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கத்திய பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த, இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1946 வரை இந்தியாவில் இருந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் குழந்தை முதலில் பென்சிலைத் தொடாது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பழகும். மணலில் எழுதினாலும் உப்புத்தாளில் தடவினாலும் தத்துவம் ஒன்றே: முதலில் விரலுக்குத் தெரியட்டும், பென்சிலுக்கு அப்புறம் தெரியட்டும்.

தாள் தயாரிப்போமா?

இப்போது படங்கள் கம்ப்யூட்டரில் நிறையக் கிடைக்கின்றன. தெரு முனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பிரிண்ட் எடுத்துத் தந்துவிடுவார்கள். அதுவும் வேண்டாமா? கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நீங்களே ஒரு தாளில் வரைந்து, பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழகாக வரையத் தெரிய வேண்டுமே என்று கவலை வேண்டாம். அம்மா போட்ட கோணல் யானையைத்தான் குழந்தைக்கு அதிகம் பிடிக்கும்!

ஒரு சிக்கன யோசனை: கோடு வரையும் தாளை ப்ளாஸ்டிக் ஃபைல் கவருக்குள் நுழைத்துவிடுங்கள். அதன்மேல் வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் வரைந்து, ஈரத்துணியால் துடைத்தால் ஒரே தாள் மாதக் கணக்கில் உழைக்கும்.

1. வழிகாட்டும் தாள் (2 வயது முதல்): இடது ஓரத்தில் ஓர் அணில், வலது ஓரத்தில் ஒரு கொய்யாப்பழம். இரண்டுக்கும் நடுவே சாலை மாதிரி இரட்டைக் கோடு; அகலம் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல். முதலில் விரலை ஓட்டட்டும். பிறகு சின்ன பொம்மைக் கார். கடைசியில் க்ரேயான். நேர்ச்சாலை பழகியதும் அலை மாதிரி, மலை மாதிரி, படுத்திருக்கும் எட்டு மாதிரி சாலையை மாற்றுங்கள். படுத்த எட்டில் கை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் உடம்பின் நடுவைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதால், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும்.

2. பொட்டுத் தாள் (இரண்டரை வயது முதல்): ஒரு மாமரம். அதில் பத்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் மாமரம் காய்த்துவிடும்! அட்டையிலிருந்து பொட்டை நகத்தால் கிளப்பி, நுனிவிரலால் எடுத்து, குறி பார்த்து ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. பெரிய பொட்டில் ஆரம்பித்துச் சின்னதுக்குப் போங்கள். பொட்டு வாய்க்குப் போகாமல் பக்கத்திலேயே இருங்கள்.

3. கிழித்து ஒட்டும் தாள் (3 வயது): பெரிய யானையின் வெளிக்கோடு மட்டும். பழைய காலண்டர் தாளையும் செய்தித்தாளையும் குழந்தையே பொடிப் பொடியாகக் கிழித்துப் பசை தொட்டு உள்ளே நிரப்ப வேண்டும். கிழிக்கும்போது ஒரு கை இங்கே இழுக்க, இன்னொரு கை அங்கே இழுக்கும். கத்தரிக்கோல் பிடிக்க இதுவே முதல் பாடம்.

4. வெட்டும் தாள் (3 முதல் 5 வயது): முதலில் தாத்தாவின் தாடி! தாத்தா முகத்தின் கீழே இரண்டு விரல்கடை நீளத்துக்குக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரே வெட்டில் முடிந்துவிட வேண்டும். அது வந்தபிறகு நேர்க்கோடு, அப்புறம் வளைவு, கடைசியில் வட்டம். ஆரம்பத்தில் கோடு அரை சென்டிமீட்டர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய தாள் மடங்கிக்கொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி கொஞ்சம் விறைப்பான காகிதம்தான் புதுக்கைக்குச் சுலபம். கட்டைவிரல் எப்போதும் மேல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு ஒட்டி, “பொட்டு வானத்தைப் பார்க்கணும்!” என்று சொல்லுங்கள், போதும்.

5. மாவுத் தாள் (இரண்டரை வயது முதல்): ப்ளாஸ்டிக் கவருக்குள் ஒரு காலித் தட்டு, ஒரு பாம்புப் புற்று, ஒரு ‘ட’. சப்பாத்தி மாவை உருட்டித் தட்டில் உருண்டை வைக்கட்டும். நீளமாகத் திரித்துப் பாம்பு செய்யட்டும். அந்தப் பாம்பை வளைத்து ‘ட’வின்மேல் வைக்கட்டும். பிசைவதும் உருட்டுவதும் உள்ளங்கைத் தசைக்கு நல்ல வேலை. மீந்த மாவில் ஒரு குட்டிச் சப்பாத்தி சுட்டுக் கொடுத்துவிட்டால் மறுநாள் குழந்தையே கூப்பிடும்.

6. கோர்க்கும் அட்டை (மூன்றரை வயது முதல்): மயில் படத்தைப் பழைய அட்டைப்பெட்டியில் ஒட்டி, ஓரத்தைச் சுற்றி விரல்கடைக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். ஷூ லேஸை மேலே விட்டுக் கீழே வாங்கி, கீழே விட்டு மேலே வாங்கி முழுச் சுற்று வர வேண்டும். லேஸ் நுனி பிய்ந்திருந்தால் செல்லோ டேப்பைச் சுற்றிவிட்டால் ஊசி மாதிரி நுழையும். ஒரு கை அட்டையைப் பிடிக்க, மறு கை கோர்க்கும். இரண்டு கைக்கும் வேலைப் பங்கீடு தானாக வரும்.

7. க்ளிப் அட்டை (4 வயது): அட்டையில் மூன்று வாழைப்பழம், கீழே 2, 3, 4 என்று எண்கள். சரியான எண்ணில் துணிக்கு மாட்டும் க்ளிப்பை மாட்ட வேண்டும். எண்ணும் கற்றாச்சு, விரல் பிடியும் பலமாச்சு! க்ளிப் இறுக்கமாக இருந்தால் கொஞ்ச நாள் பழையதாய், தளர்ந்ததாய்ப் பார்த்துக் கொடுங்கள்.

8. புள்ளிக் கோலத் தாள் (4 வயது முதல்): நம் வாசலிலேயே இருக்கிற பொக்கிஷம் இது. 2 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்றுக்கு மூன்று ஒன்பது புள்ளிகள். முதலில் புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்து ஏணி, பெட்டி, நட்சத்திரம். அது கைவந்ததும் புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்து வரும் சிக்குக் கோலம். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று கண்ணால் திட்டம் போட்டுக் கையால் முடிக்கிற பயிற்சி இது. இதே சுழியும் வளைவும்தான் நாளைக்கு ‘அ’விலும் ‘இ’யிலும் வரப்போகின்றன. பையனுக்கும் கொடுங்கள். கோலம் பெண் குழந்தைக்கு மட்டும் என்று விரலுக்குத் தெரியாது!

சின்னச் சின்ன ரகசியங்கள்

க்ரேயான் உடைந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள். அரை விரல் நீளத் துண்டை முஷ்டிக்குள் பிடிக்க இடமே இருக்காது. தானாகவே நுனிவிரல்களால் பிடிக்க வரும். “இப்படிப் பிடி, அப்படிப் பிடி” என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த ஒரு துண்டு அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

தாளைச் சில சமயம் சுவரில் ஒட்டிவிடுங்கள். குழந்தை நின்றுகொண்டு வரையும்போது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து, எழுதுவதற்கு ஏற்ற நிலையில் தானாக நிற்கும், தோளுக்கும் பலம்.

மேஜையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், கை தடுமாறும். கால் எட்டவில்லையா, ஒரு முக்காலியைப் போடுங்கள். தரையில் என்றால், முன்னால் ஒரு சின்னச் சாய்வு மேஜை இருந்தால் சிலாக்கியம்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று நாலு நிமிஷம் போதும். நாலு வயதுக்குப் பத்து நிமிஷம். “இன்னும் ஒண்ணும்மா!” என்று குழந்தை கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். சலித்துப்போகும்வரை இழுக்காதீர்கள்.

இடது கைக் குழந்தையை வலது கைக்கு மாற்றாதீர்கள். எந்தக் கை என்பதைக் குழந்தையின் மூளை தீர்மானிக்கிறது; நாலிலிருந்து ஆறு வயதுக்குள் அது தெளிவாக நிலைக்கும். இடது கைக் குழந்தைக்குத் தாளை வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அவர்களுக்கென்று கிடைக்கும் இடக்கைக் கத்தரிக்கோலை வாங்கித் தந்தால் வெட்டும்போது கோடு கண்ணுக்கு மறையாது.

“ஃபோனிலேயே இருக்கே, அது போதாதா?”

இந்தக் கேள்வியைக் கேட்காத அப்பா இல்லை. ஃபோனில் விரலை ஓட்டினால் கோடு வரும், வாஸ்தவம். ஆனால் கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போகும் விரலுக்குப் பலமே வேண்டாம். க்ரேயானை அழுத்தினால் அடர்த்தியாக வரும், லேசாக ஓட்டினால் மங்கலாக வரும் என்ற பாடத்தைத் தாள் ஒன்றுதான் சொல்லித் தரும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட யோசனைகளில், ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்பங்கரையும் ஒரு பள்ளிக்கூடம்

தாள் எடுக்க நேரமே இல்லாத நாளும் உண்டே! அன்றைக்குப் பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள். பூண்டுத் தோல் நீக்கட்டும். கறிவேப்பிலை உருவட்டும். நனைத்த கைக்குட்டையைப் பிழிந்து கொடியில் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு பல்லாங்குழி ஆடினால், ஒரு கைப்பிடி முத்தை வைத்துக்கொண்டு குழிக்கு ஒவ்வொன்றாக நழுவ விடும் அந்த வித்தை, உள்ளங்கைக்கும் விரலுக்கும் ஒரே சமயத்தில் வேலை கொடுக்கும்.

ஜாக்கிரதை! மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையிடம் புளியங்கொட்டை, சோழி, மணி, பட்டாணி இவற்றைத் தனியாக விட்டுவிட்டு நகரவே கூடாது. வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று விளையாடக் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கடும் விஷம். பொம்மைகளில் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரியும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

விளையாடும்போது கவனித்துக்கொண்டே வாருங்கள். கீழே சொல்வதில் ஏதாவது தென்பட்டால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஒத்திப் போடாதீர்கள்:

● நாலு மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் இறுக மூடியே இருப்பது.

● ஒரு வயதுக்கு முன்னாலேயே ஒரே கையை மட்டும் உபயோகித்து, மற்றக் கையை மறந்தே விடுவது. ‘குழந்தை இடது கைப் பழக்கம்’ என்று சிரித்துவிட்டுப் போகும் விஷயம் அல்ல இது. மற்றக் கையில் பலக் குறைவு இருக்கலாம்.

● ஒரு வயது முடிந்தும் சின்னப் பொருளை இரு விரலால் எடுக்க வராதது.

● இரண்டு வயதிலும் கிறுக்க முயலாதது. நாலு வயது முடிந்தும் வட்டம் போட வராதது.

● ஐந்து வயதில் பட்டன், கத்தரிக்கோல், கரண்டி எல்லாமே போராட்டமாக இருப்பது.

● நேற்றுவரை செய்துகொண்டிருந்ததை இன்று செய்ய முடியாமல் போவது. இதற்கு உடனே போக வேண்டும்.

இதில் ஒன்று இருந்தாலே வியாதி என்று அர்த்தமில்லை. கண் பார்வைக் கோளாறாகக்கூட இருக்கலாம். பார்க்க வேண்டியவர் பார்த்துச் சொல்லட்டும். குழந்தை டாக்டர் தேவையானால் ‘ஆக்குபேஷனல் தெரபி’க்கு அனுப்புவார். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சாப்பிடுவது, உடுத்துவது, விளையாடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைக் குழந்தை தானே செய்துகொள்ளப் பழக்கும் சிகிச்சை அது. நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை மும்பையில் 1950-ல் கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி ஆரம்பித்தார்.

செலவு நினைத்தும் தயங்க வேண்டாம். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சேவை இலவசம். உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், 2005-ல் ஏற்பட்ட, பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

சிறப்புக் குழந்தைகளுக்கும் இதே தாள்கள்தான்

மூளை வாதம், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன தாள்கள் உங்கள் குழந்தைக்கும் உண்டு. வயதைப் பார்க்காதீர்கள், கை இன்று எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள். எந்தத் தாள், எத்தனை நேரம் என்பதைத் தெரபிஸ்ட்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தாளில் சில மாற்றங்கள் செய்துகொண்டால் போதும்.

தாள் நகராமல் நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். கோட்டைத் தடிமனாக்குங்கள். கோட்டின்மேல் பசை தடவிக் கம்பளி நூலை ஒட்டினால், கண்ணால் மட்டுமல்லாமல் தொட்டும் வழி தெரியும். க்ரேயானைச் சுற்றித் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றினால் பிடி பருமனாகும். ஒரு தாளில் ஒரே படம். நாலைந்து படம் இருந்தால் கண் தடுமாறும். பசை, மாவு போன்றவை கையில் பட்டாலே அலறும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள்; மாவை ஒரு ப்ளாஸ்டிக் பையில் போட்டு வெளியிலிருந்து அமுக்கச் செய்யலாம். இறுகியிருக்கும் விரலைப் பலவந்தமாகப் பிரிக்கவே கூடாது. எப்படித் தளர்த்துவது என்று தெரபிஸ்ட் செய்து காட்டுவார்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். ஒப்பிட ஆசையாக இருந்தால், போன மாதத்துத் தாளோடு இந்த மாதத்துத் தாளை ஒப்பிடுங்கள். அதற்காகவே ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். சாலைக்கு வெளியே ஓடிய கோடு எப்போது உள்ளே வந்தது, எத்தனை பொட்டு வட்டத்துக்குள் விழுந்தது என்று கண்கூடாகத் தெரியும். டாக்டரிடம் போக நேர்ந்தாலும், “எப்போதிலிருந்து இப்படி?” என்று அவர் கேட்டால் அந்த ஃபைலையே நீட்டலாம்.

அரை ஆண்டு லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகும்போது அந்த ஃபைலையும் எடுத்துப் போங்கள். தாடி வெட்டிய தாளைத் தாத்தாவுக்குக் காட்ட வேண்டாமா?